நானாவின் பழைய நெய்

என் அன்பான பிள்ளைகளே, நானாவை மையவாடியில் அடக்கிவிட்டு வந்த அன்று பின்னேரம், நான் வாசல் குழாயில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது சின்னவன் வந்து பக்கத்தில் நின்றான். "அப்பா, அந்தப் பழைய நெய்தான் நானாவக் கொன்னுருச்சா?" என்று கேட்டான். அவன் அக்கா தலையில் ஒரு தட்டுத் தட்டி, "வாய வச்சிக்கிட்டு சும்மா இருடா" என்றாள். ஆனால் அவளும் அங்கிருந்து போகவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டு நின்றாள். நான் குழாயை மூடிவிட்டு உள்ளே போனேன். கோபத்தில் போகவில்லை. ஆம் என்றாலும் பிழை, இல்லை என்றாலும் பிழை என்று ஒரு கேள்வியை அவன் கேட்டுவிட்டான். அதற்கு நின்ற நிலையில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. உட்கார்ந்து எழுதினால் வரும் என்று நினைத்து இதை எழுதுகிறேன். பள்ளியில் சாதாரண தரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் நான். சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தால் பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நானா என்றால் முஸ்லிம் வீடுகளில் அண்ணன். மஹய்யாவையில் நம் வீட்டுக்கு மேல் வளைவில் இருந்த அவரை, அவரிலும் வயதில் மூத்தவர்கள்கூட நானா என்றுதான் கூப்பிட்டார்கள். கலியாண வீடுகளுக்குச் சமைப்பது அவர் தொழில். அக்குறணை, மடவளை, கட்டுகஸ்தோட்டை என்று எங்கே பெரிய கலியாணம் நடந்தாலும் அவருடைய அண்டாக்கள் வான் வண்டியில் ஏறிப் போகும். அவர் வீட்டுக் குசினியில் அடுப்புக்கு மேலே ஒரு பலகைத் தட்டு இருந்தது. அதில் நீல விளிம்பு வைத்த வெள்ளை எனாமல் பாத்திரம் ஒன்று, மூடி போட்டு, புகையில் பாதி பழுப்பாகி இருக்கும். மகள் பார்த்திருப்பாள். சின்னவனுக்கு ஞாபகம் இருக்காது. அவன் கேள்விப்பட்டதோடு சரி. அதற்குள் இருந்ததுதான் பழைய நெய்.

அது வெறும் நெய் இல்லை. கலியாணத்து மாட்டிறைச்சிக் கறி வெந்து அடங்கும்போது மேலே சிவப்பாக ஒரு படை மிதக்கும். இறைச்சிக் கொழுப்பும், தாளித்த நெய்யும், மசாலாவின் சாரமும் சேர்ந்த படை அது. நானா அதை அகப்பையால் மெல்ல ஒதுக்கி எடுத்து, துணியில் வடித்து, இன்னொரு தரம் காய்ச்சி, அந்தப் பாத்திரத்தில் ஊற்றுவார். அடுத்த கலியாணத்துக்கு வெங்காயம் தாளிக்க முதலில் விழுவது அதில் இருந்து ஒரு அகப்பை. அந்தக் கறியிலிருந்து எடுக்கும் படை மறுபடி பாத்திரத்துக்கே வரும். ஹஜ்ஜுப் பெருநாளில் பலியாக அறுக்கும் குர்பான் இறைச்சியின் கொழுப்பையும் உருக்கி அதிலேயே சேர்ப்பார். இப்படி எடுப்பதும் ஊற்றுவதுமாக அந்தப் பாத்திரம் அவருடைய வாப்பா காலத்திலிருந்து முற்றாகக் காலியானதே இல்லை. "புது நெய்யில கறி வரும் தம்பி, கலியாணம் வராது" என்பார். உண்மைதான். அவர் தாளித்தால் நம் வீட்டு யன்னலுக்கு வாசம் வந்துவிடும். வீட்டுச் சமையலுக்கும் அதில் ஒரு கரண்டி உண்டு. சோற்றின் மேல் உருக்கி ஊற்றுவதும் உண்டு.

அவருடைய மனைவியை நாங்கள் ராத்தா என்போம்; அக்காள் என்று அர்த்தம். ராத்தாவுக்கு வாய் சற்று நீளம். நானாவை நேருக்கு நேர் புகழ்ந்து அவர் பேசி நான் கேட்டதில்லை. ஊரெல்லாம் நக்கிச் சாப்பிடும் கறியை, "உப்பு பரவாயில்ல" என்று சொல்லிவிட்டு இரண்டாம் தரம் சோறு போட்டுக்கொள்வார். மகள் ஐந்தாம் வகுப்புப் புலமைப் பரீட்சைக்குப் படித்த வருஷம்தான் ராத்தாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்தது. வெட்டி எடுத்தார்கள். அதன்பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய்ப் போய் நரம்பில் மருந்து ஏற்ற வேண்டும் என்றார்கள். முடி உதிர்ந்தது. நாக்கில் எல்லாமே இரும்பு போல இருக்கிறது என்று சாப்பாட்டைத் தள்ளினார்.

அந்த நேரம் பார்த்து யாரோ சொந்தக்காரர் நானாவின் போனுக்கு ஒரு வீடியோ அனுப்பிவிட்டார். திரும்பத் திரும்பக் காய்ச்சிய கொழுப்பில் கொலஸ்திரோல் கெட்டுப்போய் நஞ்சாகிறது, அது புற்றுநோயைக் கொண்டுவரும் என்று ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசும் வீடியோ. நானா அதை எத்தனை தரம் பார்த்தாரோ தெரியாது. அன்றோடு வீட்டில் சமைப்பதை நிறுத்திவிட்டார். வெளியே கலியாணங்களுக்கும் போகவில்லை. ராத்தாவுக்குப் பால்மா கரைத்துக் கொடுத்தார், பிஸ்கட் கொடுத்தார், அவித்த கஞ்சியோடு நெத்தலிக் கருவாடு சுட்டுக் கொடுத்தார். நல்ல பிள்ளைச் சாப்பாடு என்று அவர் நினைத்ததெல்லாம் கொடுத்தார். ராத்தா ஒன்றையும் தொடவில்லை. மருந்து ஏற்றப் போன இடத்தில், இந்த நிறையோடு ஏற்ற முடியாது, உடம்பு தாங்காது, சாப்பிட்டுத் தேறி வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஒரு தரம் அப்படி நடந்தது. மறுபடியும் நடந்தால் நோய் முந்திக்கொள்ளும் என்று தாதி ஒருத்தி நானாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறாள்.

உங்கள் அம்மா ரசம் வைத்துக்கொண்டு போனாள். ராத்தா ஒரு வாய் குடித்துவிட்டு வைத்தாராம். "இந்த மனுசன் தாளிச்சா ஒரு கோப்பை சோறு இறங்கும் புள்ள. அவருக்கு என்னமோ பேய் புடிச்சீக்கி" என்றாராம். அதைக் கேட்டுக்கொண்டு நானா வாசலில் உட்கார்ந்திருந்தாராம். எழும்பவில்லையாம்.

அடுத்த நாள் நான் வேலைக்கு பஸ் ஏற நின்றபோது நானா வந்தார். கையில் ஒரு ஜாம் போத்தல், பழைய சாரத் துண்டில் சுற்றியது. "தம்பி, நீங்க வேல செய்ற இடத்தில கொழுப்பு எல்லாம் சோதிக்கிறாங்க தானே. இதுல அந்த சாமான் ஈக்கா எண்டு பாத்து தாங்க" என்றார். "ஈந்தா என்ன செய்வீங்க நானா?" என்று, இருந்தால் என்பதை அவருடைய பேச்சிலேயே சொல்லிக் கேட்டேன், அவரைச் சிரிக்க வைக்கலாம் என்று. அவர் சிரிக்கவில்லை. "ஈந்தா நான் தான் அவளுக்கு வருத்தத்தைக் கொடுத்த. அது எனக்குத் தெரிய வேணும்" என்றார்.

நான் வேலை செய்யும் பல்கலைக்கழக ஆய்வுகூடம் உங்களுக்குத் தெரியும். கண்ணாடிப் போத்தல்களைக் கழுவி, காயவைத்து, குளிர்ப்பெட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. அங்கே பெரியவர் நம் மிஸ். யாழ்ப்பாணத்துப் பெண். டொக்டர் பட்டம் உண்டு. ஆனால் மருந்து எழுதும் டொக்டர் இல்லை, ஆராய்ச்சி செய்து வாங்கிய பட்டம். நெய், கருவாடு, முட்டை, பால்மா என்று நாம் சாப்பிடும் சாமான்களைச் சுட்டும் காயவைத்தும் பழசாக்கியும், உள்ளே இருக்கும் கொழுப்புக்கு என்ன நடக்கிறது என்று பார்ப்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. நானாவின் போத்தலை நான் நீட்டியபோது, வெளியாட்களின் சாமானைச் சோதிக்கும் இடம் இதில்லை என்றுதான் முதலில் சொன்னார். பிறகு மூடியைத் திறந்து மணந்தார். "எவ்வளவு காலத்து நெய் இது?" என்றார். "அவரோட அப்பா காலத்துல இருந்து வருது மிஸ்" என்றேன். மிஸ்ஸின் கண் அகலமாகியது. பயத்தில் இல்லை. சின்னவனிடம் புதுப் பொறிவண்டு ஒன்றைக் கொடுத்தால் அவன் கண் எப்படி ஆகுமோ அப்படி. "இப்பிடி ஒரு சாமான் நாங்கள் செய்து எடுக்க ஏலாது. சோதிச்சுப் பாப்பம்" என்றார்.

அந்தக் குளிர் அறையில் நெய் கல்லாக உறைந்துவிட்டது. இளக்குவதற்காகப் போத்தலைச் சுடுதண்ணீரில் வைக்கச் சொன்னார். வைத்துக் கொஞ்ச நேரம்தான். மாடிப்படி வரைக்கும் கலியாண வாசம். எப்போதும் மருந்து நெடி வீசும் இடம் அது. படிக்கிற பிள்ளைகள் ஒவ்வொருவராகத் தலையை நீட்டினார்கள். "அங்கிள், இன்னைக்கு யார் வீட்டுக் கலியாணம்?" என்று ஒரு சிங்களப் பிள்ளை தெரிந்த தமிழில் கேட்டான். பாதுகாப்பு அலுவலர்கூட வந்து எட்டிப் பார்த்துவிட்டு, இங்கே சமைக்கக்கூடாது என்று எனக்கு விதி சொல்லிவிட்டுப் போனார். நஞ்சைத் தேடுகிறோம், எல்லோருக்கும் பசி எடுக்கிறது. அது எனக்கு அன்று முழுக்க விந்தையாக இருந்தது.

முடிவைச் சொல்ல நானாவை மிஸ் நேரிலேயே வரச் சொன்னார். வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சாரமும் சட்டையும் தொப்பியுமாக வந்து, கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். மிஸ் கணினித் திரையைத் திருப்பிக் காட்டினார். அந்த இயந்திரம் என்ன செய்யும் என்றால், கொழுப்பிலிருந்து பிரித்த பொருளைச் சூடாக்கி, முடி போல மெல்லிய நீளமான ஒரு குழாய்க்குள் அனுப்பும். எது முந்தி வெளியே வருகிறது, எது பிந்தி வருகிறது என்று பார்த்து ஒவ்வொன்றுக்கும் ஒரு மலை வரையும். கடையில் வாங்கிய புது நெய்க்கு ஒரே ஒரு உயரமான மலை, அதுதான் கொலஸ்திரோல். நானாவின் நெய்யில் அந்த மலைக்குப் பக்கத்தில் ஹந்தானை மலைத்தொடர் மாதிரி சின்னதும் பெரிதுமாக வேறு மலைகள் எழும்பியிருந்தன. நானா விரலை நீட்டி, திரையில் படாமல், அந்தச் சின்ன மலைகளை ஒவ்வொன்றாகத் தொடுவது போலக் காட்டினார். "இதுகளா?" என்றார். "ஓம், இதுகள்தான்" என்றார் மிஸ்.

அன்று மிஸ் சொன்னதை எனக்கு விளங்கிய மட்டில் எழுதுகிறேன். கொலஸ்திரோல் என்ற பெயரைக் கேட்டதும் நாம் பயப்படுகிறோம். ஆனால் அது இல்லாமல் உடம்பு இல்லை. உடம்பு கலங்கள் என்ற கோடிக்கணக்கான சின்ன அறைகளால் ஆனது என்று மகள் படித்திருப்பாள். அந்த அறைகளின் சுவரிலேயே அது இருக்கிறது. உடம்பே அதைச் செய்துகொள்கிறது. அதனோடு ஒட்சிசன் போய் ஒட்டிக்கொண்டால் அது வேறு ஒரு பொருள் ஆகிறது. மகளின் விஞ்ஞானப் புத்தகத்தில் ஒட்சியேற்றம் என்று வருவது இதுதான். இரும்பு துருப்பிடிப்பதும் அந்த வகைதான். காற்றும் சூடும் வெளிச்சமும் நாட்பட்ட வைப்பும் சேர்ந்தால் இறைச்சியிலும் நெய்யிலும் இப்படித் துருப்பிடித்த கொலஸ்திரோல் பெருகும். ஆனால் துருப்பிடித்ததெல்லாம் ஒரே சாமான் இல்லை. ஒட்சிசன் எந்த இடத்தில் ஒட்டுகிறது என்பதைப் பொறுத்துப் பல வகை. சிலவற்றை உடம்பு தன் தேவைக்கே செய்து, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்குச் செய்தி அனுப்பப் பாவிக்கிறது. சில, இரத்தக் குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கி வீங்க வைக்கின்றன. சில, ஆய்வுகூடத்தில் வளர்க்கும் புற்றுநோய்க் கலங்களை வேகமாகப் பெருக வைக்கின்றன. வேறு சில, அதே கலங்களை அடக்கவும் செய்கின்றன.

"அப்ப கள்ளனும் பொலிசும் ஒரே வீட்டில" என்றார் நானா. மிஸ் சிரித்துவிட்டார். "அப்பிடித்தான் வைச்சுக்கொள்ளுங்கோ. சில நேரம் ஒரே ஆளே ரெண்டு வேலையும் பாக்குது. அதுதான் எங்களுக்கும் தலையிடி" என்றார்.

நானா சிரிப்பை விட்டுவிட்டு நேராகக் கேட்டார். "மிஸ், எனக்கு ஒரு பதில் தாங்க. என் பொஞ்சாதிக்கு இதாலயா வந்த?"

மிஸ் திரையைப் பார்த்தார், பிறகு நானாவைப் பார்த்தார். மார்புப் புற்றுநோயில் பெண்களின் ஓமோனைப் போல நடித்துக் கட்டியை வளரத் தூண்டும் ஒரு வகை உண்டு என்று சொன்னார். நானாவின் முகம் இருண்டது. "பொறுங்கோ, நான் முடிக்கயில்லை. அந்த வகை முக்கியமா உங்கட சட்டியில வாறதில்லை. உடம்புக்குள்ள, உடம்பே செய்யிறது. உங்கட நெய்யில கூடுதலா இருக்கிறது வேற வகை. அதுகளும் நல்லதில்லை, நான் நல்லதெண்டு சொல்லமாட்டன். ஆனா ஒரு மனுசிக்கு வந்த வருத்தத்தைப் பிடிச்சு, இந்தச் சட்டியாலதான் வந்தது எண்டு சொல்ல என்னாலயும் ஏலாது, அந்த வீடியோக்காரனாலயும் ஏலாது." 

"அப்ப இல்லையெண்டு சொல்லுங்க."

"அதுவும் சொல்லேலாது. தெரியாததை எப்பிடி ஐயா சொல்லுறது?"

பிள்ளைகளே, பெரிய படிப்புப் படித்த ஒருவர் தெரியாது என்று அவ்வளவு தெளிவாகச் சொன்னதை நான் அன்றுதான் கேட்டேன். நானாவுக்கு அது போதவில்லை. தண்டனை வாங்க வந்த ஆளைத் திருப்பி அனுப்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தார். வீட்டில் இப்போது என்ன சாப்பிடக் கொடுக்கிறீர்கள் என்று மிஸ் கேட்டார். நானா பால்மாவையும் கருவாட்டையும் சொன்னார். பால்மாப் பேணியைத் திறந்து எவ்வளவு நாள், கருவாடு எத்தனை மாதத்துக் கருவாடு என்று கேட்டுவிட்டு மிஸ் மெல்லத் தலையை ஆட்டினார். "நீங்கள் பயந்து குடுக்கிற சாமானிலயும் இது கொஞ்சம் இருக்கும் பாருங்கோ. காயவைக்கிறதும் தூளாக்கிறதும் கனகாலம் வைக்கிறதும் இதைத்தான் செய்யும். முழுசா ஓடித்தப்ப ஏலாது. குறைக்கலாம். இப்ப அவவுக்குக் கூடின ஆபத்து பட்டினிதான். பழைய நெய்யை எறியுங்கோ. அண்டண்டைக்கு வாங்கின இறைச்சியில, அளவான சூட்டில, புதுசாச் சமைச்சுக் குடுங்கோ. ஆஸ்பத்திரியிலயும் ஒருக்கா கேட்டிட்டுச் செய்யுங்கோ."

எழும்பப் போன நேரம் மிஸ் இன்னொன்று கேட்டார். "இந்த நெய்யில ஆகக் கூடச் சாப்பிட்டது ஆர்?" நானாவுக்குக் கேள்வியே வேடிக்கையாக இருந்தது. "நான் தான். ஒவ்வொரு அண்டாவிலயும் ருசி பாக்குற ஆள் நான் தானே." "அப்ப நீங்களும் போய் இதயத்தையும் ரத்தத்தையும் ஒருக்காச் சோதியுங்கோ. இது ரத்தக் குழாய்க்குச் செய்யிற கெடுதியைப் பற்றித்தான் எங்களுக்குக் கூடுதலாத் தெரியும், புற்றுநோயை விட" என்றார். நானா நெஞ்சில் தட்டிக் காட்டினார். "எனக்கு என்ன மிஸ், நான் குர்பானுக்கு நிக்கிற மாடு மாதிரி ஈக்கேன்."

பஸ்ஸில் வரும்போது மிஸ் சொன்னதையெல்லாம் ஒவ்வொன்றாக எனக்குத் திரும்பச் சொல்லிக்கொண்டு வந்தார், மறந்துபோகக் கூடாது என்று. ராத்தாவைப் பற்றிய ஒரு சொல்லும் விடவில்லை. கடைசியாகச் சொன்னது மட்டும் அதில் வரவில்லை. "உங்களையும் சோதிக்கச் சொன்னாங்களே நானா" என்றேன். "பாப்போம் தம்பி" என்று யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீடு வந்த கையோடு பழைய நெய்யை அவர் வீட்டுக்குப் பின்னால், வாழைக்குக் கீழே குழி வெட்டி ஊற்றினார். நானும் மண்வெட்டியோடு நின்றேன். சாய்த்துப் பிடித்தவர் கொஞ்சம் ஊற்றுவதும் நிறுத்துவதுமாக நின்றார். வாப்பாவின் கை பட்ட நெய். கதவோரம் போர்வையைச் சுற்றிக்கொண்டு நின்ற ராத்தா, "ஒரு சட்டி நெய்க்கு இந்த அழுக அழுற மனுசன், நான் மௌத்தானா என்னத்த மிச்சம் வெச்சி அழுவீங்க?" என்றார். நானா மீதியை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டார்.

அன்று பகலே கட்டுகஸ்தோட்டைக்குப் போய் இறைச்சி வாங்கி வந்தார். கொழுப்பை வெட்டி ஒதுக்கி, கொஞ்சம் புது நெய் மட்டும் விட்டு, தீயைக் குறைத்துவைத்துச் சமைத்தார். கலியாண அண்டாக்களுக்கு முன்னால் பதறாத மனிதர், ஒரு சின்னச் சட்டிக்கு முன்னால் வியர்த்துப்போய் நின்றார். வாசம் நம் வீடு வரை வரவில்லை. ராத்தா ஒரு வாய் வைத்து மென்றார். நாங்கள் எல்லோரும் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஆஸ்பத்திரிச் சாப்பாடு மாதிரி ஈக்கி" என்றார். நானா தலையைக் குனிந்தார். ராத்தா கோப்பையை நீட்டினார். "பாத்துக்கொண்டு நிக்காம இன்னும் கொஞ்சம் போடுங்க."

அடுத்த தரம் ஆஸ்பத்திரியில் திருப்பி அனுப்பவில்லை. மருந்து ஏறியது, பிறகு அடுத்ததும் ஏறியது. முடி வளர்ந்தது. இன்றைக்கும் பெருநாளைக்கு உங்களுக்கு வட்டிலப்பம் வருகிறதென்றால் அந்த ராத்தாதான். நானா மறுபடி கலியாணங்களுக்குப் போனார். பழைய நெய் இல்லாமல் சமைத்தார். ருசி குறைந்துவிட்டது என்று சில பேர் சொன்னார்கள்; பல பேருக்கு வித்தியாசமே தெரியவில்லை. அவருக்கு அது கொஞ்சம் மனவருத்தம் என்று நினைக்கிறேன். கிளினிக் போகும்படி ராத்தா சொல்லிக்கொண்டே இருந்தார். இந்தக் கலியாணம் முடியட்டும் என்பார். கலியாணச் சமையல்காரருக்குக் கலியாணம் எப்போது முடியும்? ஒன்று முடிய இன்னொன்று நிற்கும். அக்குறணையில் ஒரு கலியாண வீட்டில், சோற்றைத் தம்மில் போட்டுவிட்டு, கொஞ்சம் இருக்கிறேன் என்று கதிரையில் உட்கார்ந்தவர் எழும்பவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

இனிச் சின்னவனின் கேள்வி. மகனே, நானாவின் வாப்பாவும் இதே மாதிரி உட்கார்ந்த இடத்தில் போனவர். நானா புகை பிடித்தார். வாழ்நாள் முழுக்க நெருப்புக்கு முன்னால் நின்றார். ஒழுங்கான நேரத்துக்குத் தூங்கினதில்லை. சர்க்கரை போட்ட தேத்தண்ணியை விடவே இல்லை. அந்த நெய்க்கும் இதில் ஒரு பங்கு இருந்திருக்கலாம். இருந்திருக்கும் என்றுகூட எனக்குத் தோன்றுகிறது. ஆனால் எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட எந்த இயந்திரமும் இல்லை. நெய்யைக் குழாய்க்குள் அனுப்பி மலை மலையாகப் பிரிக்கலாம். ஒரு மனிதன் வாழ்ந்ததை அப்படிப் பிரிக்க முடியாது. பழசைத் திரும்பத் திரும்பக் காய்ச்சாமல் இருப்போம். வைத்திருந்து பழசாக்காமல் அளவாக வாங்குவோம். அதற்கு மேல் நமக்குத் தெரியாது என்று சொல்லப் பழகுவோம்.

இதை ஏன் இவ்வளவு நீட்டி எழுதுகிறேன் என்றால், உன் கேள்வியை இன்னொருவரும் கேட்டார். போன கிழமை நானும் அம்மாவும் ராத்தா வீட்டுக்குப் போனோம். ராத்தா இத்தாவில் இருக்கிறார். கணவர் இறந்த பிறகு சில மாதங்கள் வெளி ஆண்களைப் பார்க்காமல் வீட்டுக்குள் இருக்கும் வழக்கம். அம்மா உள்ளே போனாள். நான் முன் அறையில், திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். ராத்தா ஒன்றும் சாப்பிடுவதில்லை என்று அவருடைய மகள் வாசலிலேயே எங்களிடம் சொல்லியிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"தம்பி, அவர்ட சோத்துக்கு மேல அந்த நெய்ய உருக்கி ஊத்துற நான் தானே. அவர் போதும் எண்டு சொன்னாலும் இன்னொரு கரண்டி ஊத்துவேன். அப்ப நான் தானா?"

நான் மிஸ் சொன்னதை அப்படியே சொன்னேன். ஒரு ஆளுக்கு வந்ததைப் பிடித்து, இதனால்தான் என்று யாராலும் சொல்ல முடியாது என்றேன். இல்லை என்றும் சொல்ல முடியாது என்பதையும் மறைக்காமல் சொன்னேன். உள்ளே அம்மாவின் வளையல் கதிரைக் கையில் தட்டுப்பட்டது.

"இதத் தானே அவருக்கும் சொன்ன. அவர் நம்பின?"

"நம்புனாரோ என்னமோ தெரியல ராத்தா. ஆனா அன்னைக்கே போய் சமைச்சாரு."

பிறகு திரைக்குப் பின்னால் ராத்தா அம்மாவிடம், "நீங்க என்ன கொண்டு வந்த புள்ள?" என்று கேட்டது காதில் விழுந்தது. மூடி திறக்கும் சத்தமும் கேட்டது. "உப்பு பரவாயில்ல" என்றார்.

நேற்று ஞாயிறு. தடிமன், சளி என்று சொல்லி நான் கோயிலுக்கு வரவில்லை. நீங்கள் ரெண்டு பேரும் அம்மாவோடு போனீர்கள். வீட்டில் யாரும் இல்லை. சின்னத் தாச்சியை அடுப்பில் வைத்து, ஒரு கரண்டி பட்டர் போட்டு, தீயைக் குறைத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றேன். அது உருகியது. நுரைத்தது. நுரை அடங்கிப் பொன்னிறமானது, பொரித்த கச்சான் கடலை போல ஒரு வாசம் வந்தது. பிறகு நிறம் ஏறியது, வாசத்தில் ஒரு காரம் வந்தது, கண் கரித்தது. எந்த இடத்தில் நல்லது கெட்டதாகிறது என்று கண்டுபிடிக்கலாம் என்று பார்த்தேன். கிடைக்கவில்லை. அதை ஊற்றிவிட்டுத் தாச்சியைக் கழுவித் துடைத்து, இன்னொரு கரண்டி போட்டு, முகத்தைக் கிட்டக் கொண்டுபோய் மறுபடி பார்த்தேன். அப்போதும் எனக்குத் தெரியவில்லை. வாசம் ஆக நன்றாக இருப்பதாகப் பட்ட இடத்தில் அடுப்பை அணைத்தேன். காலையில் வடித்த சோற்றில் ஒரு பிடி எடுத்து அதில் பிசைந்து, நின்றபடியே சாப்பிட்டேன்.